சீயக்காய் போட்டுக் கழுவிய சிம்மாசனம்

அமெரிக்கா போய் வந்தவர்கள் அருவியைப் பற்றியும் சிலையைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த பாக்கியம் இல்லை. நான் ஒரு மர ஸ்டூலை மடியில் வைத்துக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸ் போனேன். எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஸ்டூல் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் காங்கோ நாட்டில் ஒரு பாமாயில் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். நான் ஈரோடு அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் லெட்டர். அந்த ஆலையில் பாப்டிஸ்ட் என்று ஒரு குமாஸ்தா இவருக்குச் சிநேகிதமானார். பெண்டே என்ற இனத்துக்காரர். அவருடைய அப்பா ஊர்த் தலைவராக இருந்து இறந்தவர். திடீரென்று கலவரம் வந்தது, ஆலையைச் சூறையாடினார்கள். இவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பாப்டிஸ்ட் ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். தலைவர்கள் உட்காருகிற ஆசனம், இதைத் திருடி வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்க ஆள் அலைகிறது, நீ கொண்டுபோய் வைத்திரு, நான் கேட்கும்போது கொடு என்றாராம். இவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

ஒரே மரத்துண்டில் குடைந்த ஸ்டூல். வட்டமான மேல்பலகை. அதைத் தலையாலும் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு ஒரு பெண். இமை பாதி மூடியிருக்கும், புருவம் இரண்டும் ஒரே கோடாகச் சேர்ந்திருக்கும். மொத்தமும் இரும்புச்சட்டி மாதிரி மினுமினு என்று கறுப்பு. எங்கள் வீட்டில் இருபது வருஷம் அதன் மேல் டேபிள் ஃபேன் ஓடியது. பிறகு மகள் கவிதா பார்த்து, எத்னிக்காக இருக்கிறது என்று நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும் என்று விட்டோம். பாப்டிஸ்ட் உயிரோடு இருக்கிறாரா என்பதே அப்போது தெரியாது.

இருந்திருக்கிறார். அகதியாக வந்து, டெக்சாஸில் டாலஸ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். ஃபேஸ்புக்கில் இவரைத் தேடிக் கண்டுபிடித்து, நலம் விசாரித்த கையோடு ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய அண்ணன் மகனை ஊரில் தலைவராக உட்கார வைக்கப் போகிறார்கள். பங்காளிகளில் இன்னொரு பிரிவு, ஆசனத்தையே தொலைத்த வீட்டுக்குத் தலைமை எதற்கு என்று மல்லுக்கு நிற்கிறது. பாப்டிஸ்டின் தம்பி முறை அல்போன்ஸ் சனிக்கிழமை சாயங்கால விமானத்தில் ஊருக்குப் போகிறார். அவர் கையில் ஸ்டூல் போனால் தலைமை இவர்களுக்கு. போகாவிட்டால் இல்லை.

நான் அப்போது பிஸ்கட்டவேயில் மகள் வீட்டில் இருந்தேன். அவளுக்கு லீவு கிடையாது, மாப்பிள்ளைக்கு ஆன்-கால், எப்போது கூப்பிட்டாலும் ஓட வேண்டும். டாலஸுக்குப் பக்கத்தில் பிளானோவில் என் தங்கை மகன் பிரபு இருக்கிறான். ஆகவே நான்தான் என்று முடிவானது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஏழு வாரமாக ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு ஊருக்குப் போகக் கசக்குமா?

வியாழக்கிழமை அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்துக்கொண்டேன்.

இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வெறும் பாத்திரமாகவும் கொடுக்க மாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் நாலு முறுக்காவது போட்டுத்தான் கொடுப்போம். புதன்கிழமையே முறுக்கு சுட்டாயிற்று. வியாழன் காலையில் எல்லோரும் வேலைக்குப் போனதும் ஸ்டூலை பாத்டப்பில் வைத்தேன். பக்கத்து ஊரான எடிசனில் இந்தியக் கடையில் வாங்கிய சீயக்காய்த் தூளைக் குழைத்து, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கறுப்புத் தண்ணீராக வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம். முப்பது வருஷ அழுக்கு, யார் வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை, நான் வந்துதான் போக வேண்டியிருக்கிறது என்று பெருமை வேறு. ஒரு கை, ஒரு கன்னம், மேல்பலகையில் பாதி, எல்லாம் புதிதாக இழைத்த வேப்பம்பலகை மாதிரி வெளுத்து வந்தது.

அந்த அழகை ஈரோட்டுக்கு வீடியோ காலில் காட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் முதலில் கண்ணாடியைத் தேடினார். போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். 

"அது அழுக்கு இல்ல புள்ள" என்றார். "அவங்கப்பன், தாத்தன், அவங்கப்பன்னு அத்தன பேரும் பாமாயில் கையோட தொட்டுத் தொட்டு ஏறுன கறுப்பு அது. மனுசன் கை பட்ட கறுப்பு. என்ன பண்ணி வெச்சிருக்கற நீயி?"

நான் நாரைக் கீழே வைத்தேன்.  முப்பத்து நாலு வருஷம் வார்டில் ரத்தமும் சீழும் கழுவிய கை. அன்றைக்குக் கழுவக்கூடாததைக் கழுவிவிட்டது.

சாயங்காலம் கவிதா வந்து பார்த்துவிட்டு, "ஷூ பாலிஷ் அப்ளை பண்ணிடலாங்கம்மா, யாருக்கும் தெரியாது" என்றாள். மாப்பிள்ளை கடையில் வுட் ஸ்டெயின் என்று ஒரு சாயம் விற்கிறது, நல்ல கறுப்பாகவே இருக்கும் என்றார். அந்த நேரத்தில் பாப்டிஸ்ட் போன் செய்தார். கிளம்பியாகிவிட்டதா மதாம், மழை வரும் என்கிறார்கள், ஜாக்கிரதை என்று அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை விமான நிலையம். ஸ்டூல் கட்டைப்பையில். நம் ஊர் ஜவுளிக்கடை கட்டைப்பை இல்லாமல் நான் எங்கேயும் போகமாட்டேன். பரிசோதனையில் ஸ்க்ரீனைப் பார்த்த பெண் இன்னொருவரைக் கூப்பிட்டாள், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். பையைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு வெள்ளைத் துணித்துண்டால் ஸ்டூலை அங்கங்கே துடைத்து ஒரு மிஷினில் கொடுத்தார்கள். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. சீயக்காயில் வெடிமருந்து எதுவும் கிடையாதே என்று வேறு ஓடுகிறது புத்தி. இது என்ன என்று அவர்களில் மேலதிகாரி கேட்டார். ஸ்டூல் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் ஒரு ராஜாவின் சிம்மாசனம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்வெட்டர், ஸ்போர்ட்ஸ் ஷூ, கட்டைப்பை. "அப்படியானால் ராஜாவைக் காக்க வைக்காதீர்கள்" என்று விட்டுவிட்டார்.

விமானத்தில் பை வைக்கிற இடம் நிரம்பிவிட்டது, பையைக் கீழே சரக்கறைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று வாசலில் ஒரு பெண் டேக் கட்ட வந்தாள். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தன்னுடைய பெட்டியைக் கொடுத்துவிட்டு, இவர்களுடையது போகட்டும் என்றாள். லிண்டா என்று பெயர். பிலிப்பைன்ஸ்காரி. பிளானோவில் ஆஸ்பத்திரி நர்ஸ். சீட்டும் பக்கத்துச் சீட்டாகப் போயிற்று. இரண்டு நர்ஸ்கள் சேர்ந்தால் என்ன பேசுவோம்? இரண்டு நாட்டு டாக்டர்களின் கையெழுத்தையும் திட்டித் தீர்த்தோம். முறுக்கு டப்பாவைத் திறந்து அவளுக்கு இரண்டு கொடுத்தேன். பாப்டிஸ்ட் மன்னிப்பாராக.

டாலஸ் நெருங்கும்போது விமானம் குலுங்க ஆரம்பித்தது. இடி, மின்னல், இறங்க முடியாது என்று விமானி அறிவித்தார். மேகத்துக்கு மேலே சுற்றினோம், சுற்றினோம், பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று கடைசியில் ஆஸ்டினில் கொண்டுபோய் இறக்கினார்கள். டாலஸிலிருந்து காரில் நாலு மணி நேரத் தூரம். கவுண்டரில் கேட்டால், அடுத்த விமானத்தில் இடம் நாளை மதியம்தானாம். அல்போன்ஸ் நாளை ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார்.

பிரபுவுக்குப் போன் போட்டேன். "பெரிம்மா, நான் டிரைவ் பண்ணி வந்தர்றனுங்க, ஆனா இங்க எலுமிச்சங்கா சைஸ்ல ஹெயில் விழுகுதுங்க, கார வெளிய எடுக்க முடியல" என்றான். ஆலங்கட்டி மழையை நான் கோபியில் சின்ன வயதில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அதற்குள் லிண்டா ஓடிப்போய் ஒரு வாடகைக் காரைப் பிடித்துவிட்டாள். வருகிறாயா என்றாள். வராமல்?

அந்த நெடுஞ்சாலையைப் பற்றி என்ன சொல்ல? ஆறு வரிசை லாரி, அத்தனையும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகிறது. லிண்டா ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினாள். நான் ஸ்டூலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு பெட்ரோல் பங்க், நம் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டை இரண்டு மடங்காக்கின மாதிரி. கழிப்பறை மட்டும் நூறு பேர் போகலாம், பளிங்கு மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. சுத்தம் என்ற வார்த்தையே அன்றைக்கு எனக்கு ஆகவில்லை. சோள மாவு ரொட்டியில் முட்டையைச் சுருட்டிய ஒன்றை லிண்டா வாங்கிக் கொடுத்தாள். பாதி சாப்பிட்டேன். 

லிண்டாவிடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அவரிடம் சொல்லப் போகிறாயா என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிட்டாள். நல்லவள்.

பாதி வழியில் வேக்கோ என்ற ஊரைத் தாண்டியதும் எங்கள் இரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் அலறின. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி, காது கிழிகிற சத்தம். சூறாவளி எச்சரிக்கை, உடனே கட்டடத்துக்குள் போங்கள். வானம் ஒரு பக்கம் பச்சை நிறமாக இருந்தது. வானம் பச்சையாவதை நான் பார்த்ததே இல்லை. லிண்டா நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற முதல் பாதையில் திருப்பி ஒரு சின்னக் கடை வாசலில் நிறுத்தினாள். ஓடு என்றாள். நான் ஓடினேன். உள்ளே போன பிறகுதான் பார்க்கிறேன், பாஸ்போர்ட் இருக்கிற கைப்பை காரில் கிடக்கிறது, கையில் ஸ்டூல் மட்டும் இருக்கிறது. கட்டைப்பையைக்கூட விட்டுவிட்டு ஸ்டூலை அப்படியே தூக்கி வந்திருக்கிறேன்.

கடைக்காரர் எல்லோரையும் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு நடைவழியில் நிறுத்தினார். முப்பது பேர் இருப்போம். தொப்பி போட்ட லாரி டிரைவர்கள், நாயோடு ஒரு குடும்பம், பள்ளிக்கூட டீமோ என்னவோ ஒரே நிற பனியனில் நாலைந்து பெண்கள். விளக்கு போய்ப் போய் வந்தது. கூரை மேல் யாரோ ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். 

எனக்கு எதிரில் ஒரு பெரியவர், எண்பது இருக்கும். கைத்தடி. முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. பார்த்தவுடனே தெரிந்தது, இவர் நிற்கக்கூடாது. அவருடைய மகள் சுற்றிப் பார்த்தாள். உட்கார ஒன்றுமில்லை. எல்லோருடைய கண்ணும் என் கையில் இருந்த ஸ்டூலுக்கு வந்தது. அவள் கேட்டாள், ஒரு நிமிஷம் அப்பா இதில் உட்காரலாமா?

என் வேலையில் நான் ஒரு நோயாளிக்குக் கட்டில் இல்லை என்று சொன்னதில்லை. தரையில் பாய் விரித்தாவது படுக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு முடியாது என்று சொன்னேன். இது என்னுடையதில்லை, இதில் உட்கார ஒரே ஆள்தான் உண்டு, அவரும் இங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். ஏற்கெனவே பாதியைக் கெடுத்துவிட்டேன், மீதியை யாருக்கும் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

பெரியவர்தான் சிரித்தார். "உன்னுடையது இல்லையென்றால் கொடுக்காதே அம்மா, அதுதான் சரி" என்றார். நான் ஸ்டூலை லிண்டாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போனேன். வெளியே போகாதே என்று கடைக்காரர் பின்னால் கத்தினார். பால் கேன் அடுக்குகிற பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தேன். காலரைத் தளர்த்தி, நாடி பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து சூறாவளி வேறு பக்கம் போய்விட்டது என்றார்கள். அவருடைய நாடியும் சீராகிவிட்டது. என்னுடையது ஆகவில்லை.

பிளானோ வீட்டு வாசலில் லிண்டா என்னை இறக்கிவிட்டபோது பிரபு ஓடிவந்தான். அவனுடைய காரின் பானட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி. தெரு முழுவதும் அத்தனை கார்களுக்கும் அதே கதி. லிண்டா கிளம்பும்போது முறுக்கு டப்பாவையே அவளிடம் கொடுத்துவிட்டேன். பாப்டிஸ்டுக்கு இனி நான் எதைக் கொடுத்தாலும் அது முறுக்காக இருக்கப்போவதில்லை என்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை காலை பிரபு கராஜுக்குக் கூப்பிட்டான். பேப்பர் விரித்து, ஒரு சின்ன டப்பாவும் பிரஷும் எடுத்து வைத்திருந்தான். கவிதா சொல்லி வாங்கியிருக்கிறான். எபனி, அதாவது கருங்காலி என்று போட்டிருந்தது. "ஒரு கோட் போதுங்க பெரிம்மா, ஒன் அவர்ல ட்ரை ஆயிரும், பழைய கறுப்போட மிக்ஸ் ஆயிட்டா நமக்கே அடையாளம் தெரியாது" என்றான். பிள்ளை நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

நான் பிரஷைத் தோய்த்தேன். பொய் சொல்லவில்லை, தோய்த்தேன். சாயம் நல்ல கறுப்பு. அந்தப் பெண்ணின் வெளுத்த கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போது தலைவராக உட்காரப் போகிற அந்தப் பையனை நினைத்துப் பார்த்தேன். எங்கேயோ ஒரு ஊரில், நான் பார்த்தே இராத ஒரு பையன், டப்பா சாயத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தாத்தா மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஊரே அவன் காலில் விழும். அது தெரிந்து நான் ஈரோட்டில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். பிரஷைக் கழுவி வைக்கச் சொன்னேன். பிரபு டப்பாவுக்கு மூடியைப் போட்டான்.

பாப்டிஸ்டின் அபார்ட்மென்ட் கட்டணச் சாலையிலிருந்து இறங்கி உள்ளே தள்ளி. போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உயரமான மனிதர், முடி முழுக்க நரை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. உள்ளே அவர் மனைவி மரி, பெட்டி கட்டிக்கொண்டு அல்போன்ஸ். மேஜை நிறையச் சாப்பாடு. மரவள்ளிக் கீரை நம் கீரை கடைசலேதான், பாமாயில் மணம் மட்டும் கூடுதல். பக்கத்தில் களி உருண்டை மாதிரி ஒன்று. பாப்டிஸ்ட் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்கள் கணவர் வாக்குத் தவறாதவர், அது எனக்கு அப்போதே தெரியும் என்றார்.

உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். நான் இதைக் கழுவிவிட்டேன். அழுக்கு என்று நினைத்தேன். பாதி போய்விட்டது. இதில் என் கணவருக்கும் மகளுக்கும் பங்கில்லை, நான்தான் செய்தேன்.

பாப்டிஸ்டுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே பையை வாங்கினார். சுற்றியிருந்த டவலைப் பிரித்தார். கவிதாவின் வெள்ளை பாத் டவல், கழுவியதும் துடைக்க நான் எடுத்தது. ஸ்டூலை மேஜை மேல் வைத்தார். அந்தப் பெண் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக நின்றாள். மரி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பாப்டிஸ்ட் மேல்பலகையில் கையை வைத்தார். கறுத்த பக்கத்தில் வைத்தார், பிறகு வெளுத்த பக்கத்துக்கு நகர்த்தினார். திருப்பி அங்கேயே கொண்டுபோனார். குனிந்து மோந்து பார்த்தார். சீயக்காய் மணம் அறை முழுக்க எனக்கே அடித்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள், மதாம்?"

எதை எதையோ கேட்பார் என்று நினைத்து இரண்டு நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வி அதில் இல்லை. பாத்டப்பில், என்றேன். அப்படியே போய்விட்டது, என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செத்தவர்களைத் துடைத்துக் குளிப்பாட்டிய தண்ணீரைக்கூட நாங்கள் பார்த்துத்தான் ஊற்றுவோம். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை.

அல்போன்ஸ்தான் நேரத்தைப் பார்த்தார். அண்ணன் மகனிடம் கேட்டுவிடலாம், எடுத்துப் போகட்டுமா வேண்டாமா என்று அவன் சொல்லட்டும் என்றார். வீடியோ கால் போட்டார்கள். ஃபிடெல் என்று பெயர், காங்கோவில் கிக்விட் என்ற ஊரில் பைக் டாக்ஸி ஓட்டுகிறவன், முப்பதுகூட இருக்காது. பின்னால் இரண்டு மூன்று வயசான பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பாப்டிஸ்ட் ஸ்டூலைச் சுற்றித் திருப்பிக் காட்டிக்கொண்டே அவர்கள் பாஷையில் நடந்ததைச் சொன்னார். மறைக்கவில்லை என்பது அந்தப் பெண்கள் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. அந்தப் பையன் கையை உயர்த்தி அவர்களை அடக்கினான். ஒன்று கேட்டான்.

பாப்டிஸ்ட் எனக்கு மொழிபெயர்த்தார். "மேலே சாயம் ஏதாவது பூசினார்களா என்று கேட்கிறான்."

இல்லை என்றேன். பிரபு பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தான்.

பையன் வேகமாகப் பேசினான். சாயம் பூசியிருந்தால் எதிர்ப் பிரிவினர் இதைச் சந்தையில் வாங்கிய போலி என்று தூக்கி எறிந்திருப்பார்கள், சந்தைச் சரக்குகளைத்தான் சாயம் பூசி விற்பார்கள் என்றானாம். மீதிப் பாதியைப் பார்த்தால் அசல்தான் என்று கிழவர்களுக்குத் தெரியும். ஆனால் பாதி ஏன் வெளுத்தது என்று கேட்பார்கள், அவனாக ஒரு கதை கட்ட முடியாது. அதனால் செய்தவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், ஊர்க் கூட்டத்தில் அதைப் படிப்பார்கள் என்றான்.

மரி ஒரு தாள் கொடுத்தாள். எழுதினேன். ஈரோட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் நான், இந்த ஆசனத்தை அறியாமல் கழுவிவிட்டேன், வேறெதுவும் செய்யவில்லை. பெயர், ஊர், கையெழுத்து. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை நான். இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு கிராமமே கூடி உட்கார்ந்து என் தப்பைக் கேட்கப் போகிறது. படிக்கட்டும். அதுதான் நியாயம்.

பையன் போனை வைப்பதற்கு முன்னால் என்னைக் காட்டச் சொன்னான். கும்பிட்டேன். அவன் எதுவோ சொன்னான், பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி முதல் தடவையாகச் சிரித்தாள். வெளுத்த பாதி என்னுடையது, அதைக் கறுப்பாக்க எனக்கு ஆயுசு வேண்டும், அந்த அம்மாவை வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றானாம். மொழிபெயர்த்துச் சொன்ன பாப்டிஸ்ட் சிரிக்கவில்லை.

சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணினேன். அல்போன்ஸ் ஒரு புதுக் கம்பளியில் ஸ்டூலைச் சுற்றிக் கயிறு கட்டினார். கட்டும்போது பாப்டிஸ்ட் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் கால் மணி நேரத்தில் அது போய்விடும், திரும்ப அவர் பார்ப்பாரோ மாட்டாரோ. முப்பது வருஷம் கழித்து அவருக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அதையும் நான்தான் இப்படி ஆக்கினேன்.

கிளம்பும் நேரம் கவிதாவின் டவல் நாற்காலியில் கிடந்தது. பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக ஸ்டூலிலிருந்து இறங்கிய கறை. இதையாவது ஒழுங்காகத் துவைத்து மடித்துக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்தேன். பாப்டிஸ்ட் என் கையைப் பார்த்துவிட்டார். ஜன்னல் பக்கமிருந்து வேகமாக வந்து அதன் மறு முனையைப் பிடித்துக்கொண்டார். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதைக் கழுவ வேண்டாம், மதாம்" என்றார்.

நான் விட்டுவிட்டேன்.